பிள்ளையின் மனமும் போதைப் பழக்கமும்



"பையன் குடித்துக் கெட்டுவிட்டான்" என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். "பையனுக்குக் காற்றுக் கருப்பு அண்டிவிட்டது" என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் இவ்விரண்டையும் நாம் கேட்டதுண்டு. ஆனால் ஒரே பிள்ளைக்கு மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்தே வரக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

பதினாறு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு மனச்சோர்வு, இரவில் உறக்கமில்லை. கூட்டாளி கொஞ்சம் சம்சு கொடுக்கிறான். அன்று உறங்கிவிடுகிறான். ஆனால் மது மூளையை மந்தப்படுத்துமே தவிர, சோர்வைப் போக்காது. போதை இறங்கியதும் உறக்கம் கலையும். பயமும் துக்கமும் முன்னிலும் அதிகமாகும். அதைத் தணிக்க மறுபடி குடிக்கிறான். இப்படி ஒன்று மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறது.

இது மறுபக்கமாகவும் நடக்கும். கஞ்சாவும் சியாபுவும் சிலருக்கு இல்லாத குரல்களைக் கேட்கச் செய்யும். பெற்றோர் மீதே சந்தேகத்தை உண்டாக்கும். மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், இளையருக்கு ஆபத்து அதிகம். குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்திருந்தால் இன்னும் அதிகம்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த குறையன்று. 2022இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோகம், தூக்கமின்மை, குளிக்காமல் இருத்தல், நண்பர்களை விட்டு ஒதுங்குதல், காரணமின்றி எரிந்து விழுதல், தனியே பேசுதல், வீட்டில் காசு காணாமற் போதல், பள்ளிக்கு மட்டம் போடுதல். இவற்றுள் சில சேர்ந்து தெரிந்தால், அடிக்காமல் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகக் கேட்பதில் தவறில்லை, கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. களைக்கொல்லி மருந்தைப் பூட்டி வையுங்கள்.

சாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்; தாயத்தும் கட்டுங்கள். ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு நோய்க்கும் ஒன்றாகவே சிகிச்சை வேண்டும். குடியை மட்டும் நிறுத்தினால், ஆறாத சோர்வு மறுபடி குடிக்க வைக்கும். மாத்திரை மட்டும் தந்தால், குடி அதன் பலனைக் கெடுக்கும். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தேவையானால் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். 15555 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் கேட்கலாம்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களே" என்று அஞ்சுவோர் உண்டு. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுகிறார்கள். போலீசுக்குப் பயப்படுவோரும் உண்டு. போதைப் பழக்கமுள்ளவர் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்க, 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டது.

பால்மரத்தில் பட்டை நோய் கண்டால், மரத்தைத் திட்டிக்கொண்டு நிற்போமா? மருந்து பூசுகிறோம். நம் பிள்ளைக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுவோம். காலம் கடத்தாமல் இந்த வாரமே அழைத்துச் செல்வோம்.