அடைவுச் சேவைப் பதிவுகளின் அளவு மதிப்பீடு

ஒரு நிறுவனத்தின் ஊழியர் கணக்குகள், கடவுச்சொற்கள், கணினிகள், அனுமதிக் குழுக்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் மென்பொருள் அடைவுச் சேவை எனப்படும். மைக்ரோசாப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி இவ்வகையில் பரவலாகப் பயன்படுகிறது. இது விண்டோஸ் 2000 உடன் வெளிவந்தது. இச்சேவையைக் கண்காணிக்கும்போது நாளொன்றுக்கு எவ்வளவு பதிவு சேரும், அதைச் சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும் என முன்கூட்டியே கணக்கிடுவதே பதிவு அளவு மதிப்பீடு ஆகும்.

அடைவும் பதிவும்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயர் ஒருமுறைதான் ஏறும்; வருகைப் பதிவேட்டிலோ நாள்தோறும் குறிக்கப்படும். அடைவு முதலாவதைப் போன்றது, நிகழ்வுப் பதிவு இரண்டாவதைப் போன்றது. எனவே ஊழியர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பதிவின் அளவைச் சொல்ல முடியாது.

ஊழியர் ஒருவர் காலையில் உள்நுழைந்து வேலையைத் தொடங்கினாலே பல நிகழ்வுகள் பதிவாகும். கெர்பரோஸ் முறையில் முதல் அனுமதிச் சீட்டு (நிகழ்வு எண் 4768), சேவைகளுக்கான சீட்டுகள் (4769), உள்நுழைவு (4624), வெளியேற்றம் (4634) என அவை நீளும். கணினிகளுக்கும் தனிக் கணக்குகள் இருப்பதால் இரவிலும் விடுமுறையிலும் பதிவு நிற்பதில்லை.

மதிப்பீட்டின் தேவை

இந்தியாவின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 28 ஏப்ரல் 2022 அன்று வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று கூறியுள்ளது. ஆனால் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர் சர்வரில் பாதுகாப்புப் பதிவின் இயல்பான உச்ச அளவு 128 எம்பி மட்டுமே. அது நிரம்பியதும் பழைய நிகழ்வுகளின் மேல் புதியவை எழுதப்படும்.

கணக்கிடும் முறை

ஒரு நாளின் அளவு = விநாடிக்கு நிகழ்வுகள் × ஒரு நிகழ்வின் சராசரி அளவு × 86,400 விநாடிகள்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தில் இரண்டு டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உள்ளன எனக் கொள்வோம். இரண்டிலும் சேர்த்து வேலை நேரமான 10 மணி நேரம் விநாடிக்கு 40 நிகழ்வுகள், மீதி 14 மணி நேரம் விநாடிக்கு 5 நிகழ்வுகள், ஒரு நிகழ்வுக்கு 1,000 பைட்டு என்க.

வேலை நேரம்: 36,000 × 40 = 14,40,000 நிகழ்வுகள்
மற்ற நேரம்: 50,400 × 5 = 2,52,000 நிகழ்வுகள்
மொத்தம்: 16,92,000 நிகழ்வுகள், ஏறக்குறைய 1.7 ஜிபி
180 நாள்களுக்கு: ஏறக்குறைய 305 ஜிபி
வளர்ச்சிக்காக 25 விழுக்காடு கூட்டினால்: ஏறக்குறைய 380 ஜிபி

இதே கணக்கில் ஒரு சர்வருக்கு விநாடிக்கு 20 நிகழ்வுகள் வருகின்றன. அப்படியானால் 128 எம்பி இரண்டு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். காலை 10 மணிக்கு நடந்த ஊடுருவலைப் பிற்பகலில் தேடினால் அதன் தடயம் அங்கே இருக்காது.

நேரில் அளத்தல்

நிகழ்வு எண்ணிக்கையை ஊகிக்க வேண்டியதில்லை. நிரம்பிய பதிவுக் கோப்பின் அளவை, அதிலுள்ள மிகப் பழைய நிகழ்வுக்கும் மிகப் புதிய நிகழ்வுக்கும் இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு சேருகிறது என்பது கிடைக்கும். ஓர் உள்நுழைவு அதைக் கையாண்ட சர்வரில் மட்டுமே பதிவாகும். ஆகவே எல்லா டொமைன் கன்ட்ரோலர்களிலும் அளக்க வேண்டும்.

எந்த நாளில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்ரீரங்கத்துக்கு வருவோர் தொகையை வைகுண்ட ஏகாதசி அன்று மட்டும் எண்ணி 365 ஆல் பெருக்கினால் விடை தவறும். சாதாரண நாளில் மட்டும் எண்ணினாலும் தவறும். ஒரு முழு வாரம் அளந்து, சராசரியைக் கொண்டு சேமிப்பிடத்தையும், உச்சத்தைக் கொண்டு சேகரிக்கும் கருவியின் வேகத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

அளவைக் குறைத்தல்

இடம் போதாதபோது அதிகம் வரும் நிகழ்வுகளை முதலில் நீக்கத் தோன்றும். இது ஆபத்தானது. மிகுதியாக வரும் 4769 தான், சேவைக் கணக்குகளின் கடவுச்சொல்லைத் திருட முயலும் கெர்பரோஸ்டிங் தாக்குதலைக் காட்டிக்கொடுக்கிறது. பதிவு அழிக்கப்பட்டதைச் சொல்லும் 1102, கணக்கு பூட்டப்பட்டதைச் சொல்லும் 4740 போன்றவை அரிதாகவே வரும். அவற்றை நீக்கி மிச்சமாகும் இடமும் சொற்பம். பழைய பதிவுகளைச் சுருக்கி, விலை குறைந்த சேமிப்பகத்துக்கு மாற்றுவது நல்ல வழி. எதை நீக்கினாலும், நாளை ஒரு விசாரணை வந்தால் அது தேவைப்படுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.