கைக்கு எட்டும் பேஸ் கிற்றார்: எதை வாங்குவது, எப்படித் திருத்துவது?

ஆடி, ஆவணி மாதங்களில் கோயில் திருவிழாக்களுக்காக வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரத் தொடங்கும்போது, பூநகரியில் பேஸ் கிற்றார் வாசிக்கும் என்னைத் தேடி ஒரே கேள்விதான் வருகிறது. "அண்ணை, மாமா லண்டனிலயிருந்து வாறார். பேஸ் கிற்றார் ஒண்டு கொண்டுவாறன் எண்டவர். எதைச் சொல்லுறது?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் வாத்தியக் கடை இல்லை. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணம் போய்வருவது இலகுவாகிவிட்டது. ஆனாலும், பல வகைப் பேஸ்களைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் வசதி பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலையும் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே வந்து சேரும் முதல் வாத்தியம்தான் பெரும்பாலும் கடைசி வாத்தியமும். அது கைக்குப் பொருந்தாவிட்டால் பிள்ளை வாசிப்பை விட்டுவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆசையோடு தொடங்கிய பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், "உன்ர கை சின்னன், உனக்கு இது சரிவராது" என்று சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கையில் ஒரு குறையும் இல்லை. கொடுக்கப்பட்ட கிற்றாரின் கழுத்துத்தான் நீளம். அதற்கான மாற்றாகவே ஷோர்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது.

34 அங்குலம் யார் வைத்த சட்டம்?

தலைப்பகுதியில் தந்தி வந்து தங்கும் நட்டிலிருந்து, உடலில் இருக்கும் பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளத்தைத்தான் ஸ்கேல் என்கிறோம். வழமையான பேஸ் கிற்றாரில் இது 34 அங்குலம், அதாவது சுமார் 864 மில்லிமீற்றர். ஷோர்ட் ஸ்கேலில் 30 அங்குலம், 762 மில்லிமீற்றர். சில வகைகளில் இதைவிடச் சற்றுக் கூடலாம், குறையலாம்.

34 அங்குலத்தைப் பரவலாக்கியது அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951 இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ். அதற்கு முன்னர் இசைக்குழுக்களில் இருந்தது ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்கும் டபிள் பேஸ். அதில் அதிரும் தந்தியின் நீளமே 40 அங்குலத்தைத் தாண்டும். அப்படிப் பார்த்தால் 34 அங்குலமும் ஒரு காலத்தில் 'கட்டையாக்கப்பட்ட' அளவுதான். கிப்சன் நிறுவனம் 1953 இல் வெளியிட்ட பேஸ் சுமார் 30 அங்குலத்திலேயே வந்தது. ஜேர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் 1950களின் நடுப்பகுதியில் வயலின் வடிவில் செய்த 500/1 பேஸும் அதே அளவுதான். 1961 இல் ஹம்பேர்க் நகரில் போல் மக்கார்ட்னி வாங்கியது அதைத்தான். ஃபெண்டரே 1966 இல் 30 அங்குல முஸ்டாங் பேஸை வெளியிட்டது. 'டோக்கிங் ஹெட்ஸ்' குழுவின் டீனா வெய்மத் அந்த முஸ்டாங்கை வாசித்துப் பெயர் பெற்றவர்.

இளையராஜாவின் பாடல்களில் தனியாக ஓடும் பேஸைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஷோர்ட் ஸ்கேல் என்றால் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. பீற்றில்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நீளம் குறைந்தால் என்ன மாறும்?

முதலாவது, விரல்களின் தூரம். வீணையின் மெட்டுகள் போலக் கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளைப் பிரெட் என்கிறோம். முதலாம் பிரெட்டிலிருந்து நான்காம் பிரெட் வரை, 34 அங்குலப் பேஸில் சுமார் 130 மில்லிமீற்றர். 30 அங்குலத்தில் சுமார் 114. வித்தியாசம் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான். ஆனால் நான்கு விரல்களை நான்கு பிரெட்டில் விரித்து வைக்க முயலும் ஒரு சிறு கைக்கு, வாசிக்கலாமா முடியாதா என்பதை அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றரே தீர்மானிக்கிறது.

இரண்டாவது, இழுவிசை. அதே தந்தியை அதே சுருதியில் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 34 இலிருந்து 30 அங்குலத்துக்கு வரும்போது அது சுமார் 22 வீதம் குறைகிறது. தந்தி மெத்தென்று இருக்கும், விரல் நோகாது. ஒலி சற்று உருண்டு, தடித்துக் கேட்கும். அதேவேளை, மிகத் தாழ்ந்த ஈ தந்தி தளர்ந்து பிரெட்டில் அடிபட்டு இரையலாம். பின்னால் சொல்லப்போகும் திருத்தங்களில் பாதி இந்த ஒரு குறைக்காகத்தான்.

எதைத் தெரிவு செய்வது?

மிகச் சிறிய கைக்கு ஐபனெஸ் மைக்ரோ பொருத்தமானது. அதன் ஸ்கேல் 28.6 அங்குலம். ஸ்குவயர் புரொங்கோ எளிமையானது, 30 அங்குலம். ஆனால் அதன் பழைய வகைகளில் பிரிட்ஜில் தந்தி தங்கும் சாடில்கள் இரண்டுதான். நான்கு தந்திக்கு இரண்டு சாடில் என்றால் ஒவ்வொரு தந்திக்கும் தனியாகச் சுருதி திருத்த முடியாது. நான்கு சாடில் பிரிட்ஜ் வாங்கி மாற்றுவதே அதற்குச் செய்யும் முதல் வேலை. ஸ்குவயர் முஸ்டாங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஹோஃப்னர் வயலின் பேஸ் உள்ளே வெற்றிடம் உள்ளது, பாரம் மிகக் குறைவு. தேவாலயப் பாடகர் குழுவுக்கு அருமையாக இருக்கும். திருவிழா மேடையில் பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் நின்றால் ஊளையிடும்.

பழையது வாங்குவதென்றால் பெயரைப் பார்க்க முதல் கழுத்தைப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரியும். வளைவைத் திருத்தலாம், முறுகிய கழுத்தை ஊரில் திருத்த முடியாது. அடுத்து, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி திரும்புகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். ஒலிபெருக்கி வேலை செய்யாவிட்டால் சோல்டர் பண்ணித் திருத்தலாம். தேய்ந்த பிரெட்டை மாற்றுவது பெரிய செலவு.

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் இன்னும் இரண்டு விடயங்கள். கழுத்து திருகாணியால் பூட்டப்பட்ட வகையைச் சொல்லுங்கள். தந்திகளைத் தளர்த்தி, நான்கு ஆணிகளைக் கழற்றினால் கழுத்தும் உடலும் தனித்தனியாகப் பெட்டிக்குள் போகும். பெட்டியை முன்கூட்டியே அளந்து பார்ப்பது நல்லது. மற்றது, கிற்றாரோடு அம்பிளிபயரும் வருவதானால் அதன் வோல்ற்றேஜைக் கேளுங்கள். கனடாவின் 120 வோல்ற் அம்பிளிபயரை இங்குள்ள 230 வோல்ற்றில் நேரடியாகச் செருகினால் அன்றோடு சரி. பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் வாங்கியதென்றால் அந்தப் பயமில்லை.

முதல் திருத்தம் தந்தி

பிக்கப் மாற்றுவது, நிறம் பூசுவது எல்லாம் பிறகு. முதலில் தந்தியை மாற்றுங்கள். ஷோர்ட் ஸ்கேலுக்கென்று வரும் தந்தியையே வாங்க வேண்டும். நீளமான தந்தியை வெட்டிப் போடலாம் என்பார்கள். ஆனால் தடித்த ஈ தந்தியின் முழுத் தடிப்பு ரியூனரின் சிறிய தண்டில் சுற்றும்போது, வெளிச்சுற்று பிரிந்து தந்தி செத்த ஒலி தரும். வேறு வழியின்றி வெட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் தந்தியைச் செங்கோணமாக மடித்துவிட்டு வெட்டுங்கள். சுற்று நழுவாது.

ஈ தந்தி தொளதொளவென்று இருந்தால் 105 தடிப்புக்குக் குறையாத தொகுதியைப் பாருங்கள். மேற்பரப்பு வழுவழுப்பான பிளற்வூண்ட் தந்தி இன்னும் நல்லது. அது பொதுவாகக் கூடிய விறைப்புள்ளது, விரலை அராவாது, பல ஆண்டுகள் உழைக்கும். விலை கூட என்றாலும் கணக்குப் பார்த்தால் நட்டமில்லை.

கழுத்து, உயரம், சுருதி

இந்த மூன்றையும் இந்த ஒழுங்கிலேயே செய்ய வேண்டும்.

தந்தியைச் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டு, ஈ தந்தியை முதலாம் பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரே நேரம் அழுத்துங்கள். ஏழாம், எட்டாம் பிரெட் அளவில் தந்திக்குக் கீழே ஒரு விசிற்றிங் கார்ட் மட்டுமட்டாக நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மில்லிமீற்றர், இருந்தால் போதும். கூட இருந்தால் ட்ரஸ் ரொட்டை வலப்பக்கமாகவும், இடைவெளியே இல்லாவிட்டால் இடப்பக்கமாகவும் திருப்புங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுகி நின்றால் பலம் போடாதீர்கள்.

அடுத்தது தந்தியின் உயரம். பன்னிரண்டாம் பிரெட்டில் ஈ தந்திக்கு 2.5, ஜி தந்திக்கு 2 மில்லிமீற்றர் அளவில் தொடங்கலாம். தளர்ந்த தந்தி அகலமாக ஆடும் என்பதால், இரைந்தால் சற்று உயர்த்துங்கள்.

கடைசியாகச் சுருதி. பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும், அதே பிரெட்டை அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ரியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடினால் சாடிலைப் பின்னுக்கும், குறைந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ரியூனர் செயலியே போதும். ஷோர்ட் ஸ்கேலில் ஈ தந்தியின் சாடில் பின்னால் போக இடமில்லாமல் முட்டிக்கொள்வதுண்டு. அதன் பின்னாலுள்ள சுருளை அரைவாசியாக வெட்டினால் இன்னும் சில மில்லிமீற்றர் கிடைக்கும்.

உடல் சிறிதாக இருப்பதால் தலைப்பகுதி நிலத்தை நோக்கிச் சாயும் குறையும் சிலவற்றில் உண்டு. இடக்கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசித்தால் மணிக்கட்டு நோகும். உட்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல்பட்டி போட்டால் பெரும்பாலும் சரிவரும். அதற்கும் சரிவராவிட்டால் பாரம் குறைந்த ரியூனர்களை மாற்றலாம்.

டைனமோவும் பிக்கப்பும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறைக்குப் பிக்கப்பை விளக்கத் தேவையில்லை. டைனமோவில் கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் சுழல்கிறது. பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசையாமல் இருக்க, மேலே உருக்குத் தந்தி அதிர்ந்து காந்தப்புலத்தைக் குலைக்கிறது. இரண்டிலும் பிறப்பது மின்தான். பிக்கப்பில் அது மிகச் சிறிய அளவு. அதனால்தான் பக்கத்தில் ஓடும் ஜெனரேற்றர், அலங்கார விளக்கு எல்லாவற்றின் இரைச்சலையும் அது இழுத்துக்கொள்கிறது.

இதற்கு மலிவான மருந்து செப்புத் தாள். பிக்கப்பும் வயர்களும் இருக்கும் குழியின் உட்புறம் முழுக்க அதை ஒட்டி, எர்த் வயரோடு சோல்டர் பண்ணுங்கள். சமையலறை அலுமினியத் தாளும் உதவும். ஆனால் அதில் சோல்டர் பிடிக்காது என்பதால் எர்த் வயரைத் திருகாணியால் இறுக்க வேண்டும். பிரிட்ஜுக்கு எர்த் வயர் போகிறதா என்றும் பாருங்கள்.

அந்த எர்த் இணைப்பால் தந்தியைத் தொடும் உங்கள் உடலும் மின்சுற்றோடு சேர்கிறது. ஆகவே மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள். மேடையில் அம்பிளிபயரும் மைக்கும் ஒரே இணைப்பிலிருந்து, ட்ரிப் சுவிட்ச் ஊடாக மின் எடுக்கட்டும். எர்த் பிழைத்த மேடையில் தந்தியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் உயிர் போகலாம்.

உப்புக்காற்று

பூநகரியில் கடல்நீரேரிக் காற்றுக்குத் தப்பும் இரும்பு இல்லை. வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். சாடில் ஆணிகளுக்கு ஆண்டுக்கு இரு தடவை ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் போதும். சோளகம் காய்ந்து அடிக்கும்போதும் மாரி மழையிலும் மரம் ஒரே மாதிரி இராது. அதனால் மாரி தொடங்கும்போது ஒரு தடவை, வெயில் ஏறும்போது ஒரு தடவை கழுத்தின் வளைவைப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே சுவரில் மாட்டி வைப்பதைவிடப் பொதிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது மேல்.

1961 இல் இங்கிலாந்தில் பில் வைமன் என்ற இளைஞர் ஒரு மலிவான பேஸை வாங்கி, தேய்ந்த பிரெட்களை மாற்றலாம் என்று கழற்றினார். கழற்றிய பின் கேட்ட ஒலி பிடித்துப்போக, பிரெட் இல்லாமலே வைத்துக்கொண்டார். பின்னர் ரோலிங் ஸ்ரோன்ஸ் பாடல்களில் அதை வாசித்தார். அவர் கைகளும் சிறியவைதான்.

ஆகவே மாமாவுக்கு அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: முப்பது அங்குலம், நான்கு சாடில், கழற்றக்கூடிய கழுத்து, ஷோர்ட் ஸ்கேல் பிளற்வூண்ட் தந்தி ஒரு தொகுதி. ஒரு அலன் கீ செற்றும் போட்டுவிடச் சொல்லுங்கள். மிச்சத்தை ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.