ஒரே கராஜில் இரண்டு பங்காளிகள்

எதிரும் புதிரும் – 9

போன வாரம் நிக்கோல் டேவிட்டோடு கெய்ரோவில் நின்றோம். 2014 டிசம்பர், உலக ஸ்குவாஷ் பட்டத்தின் இறுதி ஆட்டம். நான்காவது செட்டில் 6-10. எதிரே ஆடிய ரனீம் எல் வெலிலி இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கதை முடிந்தது. அந்த ஒரு புள்ளியை நான்கு முறை தடுத்து, செட்டையும் பிடித்து, பட்டத்தையும் கொண்டுவந்தார் நம் பினாங்குப் பெண். எவ்வளவு பெரிய நெருக்கடியானாலும் அதில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: எதிராளி யார் என்பது. ஆட்டம் முடிந்தால் அவர் வழி அவருக்கு, இவர் வழி இவருக்கு.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அந்தத் தெளிவு கிடையாது. ஓர் அணிக்கு இரண்டு கார். இரண்டு ஓட்டுநருக்கும் ஒரே எஞ்சின், ஒரே முதலாளி, ஒரே கராஜ். தோற்றால் கார் சரியில்லை என்று சொல்லவே முடியாது. அதே காரில் பக்கத்து ஆள் ஜெயித்திருப்பார். நம் ஊரில் பங்காளிச் சண்டை என்று சொல்வோமே, அதுதான் இது. ஊரான் முந்தினால் பொறுத்துக்கொள்ளலாம். பங்காளி ஒரு முழம் முந்தினால் தூக்கம் போய்விடும்.

இந்தப் பங்காளிச் சண்டையின் மிகப் பெரிய இரண்டு நாட்களை நம் நாட்டு மண்ணே பார்த்தது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தெற்கே போனால் செப்பாங். 1999 முதல் 2017 வரை மலேசிய கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், மொத்தம் 56 சுற்று. ஓட்டுநர் உட்காரும் இடத்தில் சூடு 50 டிகிரியைத் தொடும்; ஒன்றரை மணி நேரத்தில் வேர்வையாகவே இரண்டு மூன்று கிலோ போய்விடும். மாலையானால் மழை எப்போது கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதனின் பொறுமையைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் அந்தப் பந்தயப் பட்டியலில் குறைவு.

முதல் நாள், 2013 மார்ச் 24. கடைசி பிட் நிறுத்தம் முடிந்தபோது ரெட் புல் அணியின் மார்க் வெபர் முதலிடம், அவருடைய பங்காளி செபாஸ்டியன் வெட்டல் இரண்டாமிடம். அணியிலிருந்து ஒரு குறியீட்டுக் கட்டளை வந்தது: ‘மல்ட்டி 21’. இரண்டாம் எண் கார் முன்னால், ஒன்றாம் எண் கார் பின்னால், அப்படியே முடியுங்கள் என்று அர்த்தம். வெபரின் கார் எண் 2. கட்டளையை நம்பி அவர் எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டார். வெட்டல் குறைக்கவில்லை. பிரதான நேர்சாலையில் பிட் சுவரை ஒட்டி, உரசாத குறையாக இரண்டு காரும் பாய்ந்தன. 46-ஆவது சுற்றில் வெட்டல் முந்திப் போனார், ஜெயித்தார். மேடைக்குப் போகும் முன்பு, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெபர் அவரிடம் சொன்னது இரண்டே வார்த்தை: “மல்ட்டி 21.”

வெட்டல் அன்று மாலை மன்னிப்புக் கேட்டார். சில வாரத்தில் சீனாவுக்குப் போனதும், அதே சூழ்நிலை திரும்ப வந்தால் அதையே செய்யக்கூடும் என்றார். இந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் நம்புகிறேன். முந்துவதா வேண்டாமா என்று அவர் செப்பாங்கில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. முன்னால் ஒரு கார் போனால் முந்த வேண்டும் என்பது சிறுவனாகக் கார்ட் ஓட்டிய காலத்திலேயே அவருக்குள் முடிவாகிவிட்ட விஷயம். வெபர் எத்தனையோ அடி வாங்கியவர். 2010-இல் சில்வர்ஸ்டோனில் அவருடைய காரின் புதிய முன்சிறகைக் கழற்றி வெட்டலின் காருக்கு மாட்டினார்கள். அந்தப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, இரண்டாம் நிலை ஓட்டுநருக்கு இது மோசமில்லை என்று ரேடியோவிலேயே சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் செப்பாங்கில் கட்டளையை நம்பினார். அந்த ஆண்டு வெட்டல் 13 பந்தயம் ஜெயித்து நான்காவது முறையாக உலக வாகையர் ஆனார். வெபர் ஒன்றுகூட ஜெயிக்காமல் ஃபார்முலா ஒன்னை விட்டே போனார்.

அதே பந்தயத்தில், சில நூறு மீட்டர் பின்னால், இன்னொரு ஜோடி. மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டனும் நிகோ ரோஸ்பெர்க்கும். ஹாமில்டன் அந்த அணிக்கு வந்து அது இரண்டாவது பந்தயம்தான். ஆரம்பத்தில் டயர் மாற்ற வந்தவர், பழைய அணியான மெக்லாரனின் பிட் இடத்துக்கே காரைத் திருப்பிவிட்டார். அவர்கள் கையசைத்து அனுப்பினார்கள். ஆறு வருடப் பழக்கம், கைகள் தாமாகவே அங்கே போய்விட்டன. பிறகு எரிபொருள் போதாமல் அவர் வேகத்தைக் குறைத்து ஓட்ட, நாலாவதாக வந்த ரோஸ்பெர்க் முந்த அனுமதி கேட்டார். தலைவர் ராஸ் பிரான் மறுத்தார். ரோஸ்பெர்க் அடங்கினார். ‘இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் ரேடியோவில் சொன்னார். மேடையில் நின்ற ஹாமில்டன், இங்கே நிகோதான் நின்றிருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார். ஒருவர் மீறினார், ஒருவர் நம்பி ஏமாந்தார், ஒருவர் அடங்கிக் கணக்கில் எழுதிக்கொண்டார், ஒருவர் மனதில் பட்டதைக் கொட்டினார். ஒரே மதியத்தில் நான்கு குணம்.

இதற்கு முந்தின வருடம் அதே தடத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பட்ட பாட்டையும் சொல்லாமல் போக மனமில்லை. எச்ஆர்டி என்ற மிக மெதுவான கார். அதற்கு முந்தைய பந்தயமான மெல்பர்னில் தகுதி நேரத்தையே எட்ட முடியவில்லை. செப்பாங்கில் மழைக்கான டயரோடு கிளம்பியதால், மழையில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் 10-ஆவது இடத்தில் இருந்தார். பிறகு ஒரு சுற்று முந்திப் போன வெட்டலின் பின் டயர் இவருடைய முன்சிறகில் பட்டுக் கிழிந்தது. உலக வாகையர் இவரை முட்டாள் என்றார். இவ்வளவு சாதித்தவர் குழந்தைபோல் அழுவது வருத்தமாக இருக்கிறது என்று நரேன் பதில் கொடுத்தார். கடைசி வரிசைக்காரனின் நெருக்கடி வேறு வகை. அதை எவரும் அளப்பதில்லை.

ஹாமில்டன், ரோஸ்பெர்க் கதைக்கு வருவோம். இருவரும் 1985-இல் பிறந்தவர்கள். பதினைந்து வயதில் ஒரே கார்ட் அணி, ஒரே ஹோட்டல் அறை, விடிய விடிய விளையாட்டு. ஒருவருடைய தந்தை மகனுக்காகப் பல வேலை பார்த்த சாதாரண மனிதர்; மற்றவருடைய தந்தை கேகே ரோஸ்பெர்க், 1982-இன் உலக வாகையர். பெரியவர்களாகி ஒரே கராஜுக்கு வந்தபின் அந்த நட்பு நிற்கவில்லை. 2014, 2015 இரண்டு பட்டமும் ஹாமில்டனுக்கு. 2015-இல் அமெரிக்காவில் பட்டம் உறுதியான சில நிமிடத்தில், மேடைக்கு முந்தைய அறையில், ‘இரண்டாம் இடம்’ என்று பொறித்த தொப்பியை ஹாமில்டன் ரோஸ்பெர்க்கின் மடியில் வீசினார். ரோஸ்பெர்க் அதை எடுத்துத் திருப்பி எறிந்தார். அதற்குப் பிறகு நடந்த ஏழு பந்தயத்தையும் தொடர்ந்து ஜெயித்தார்.

கோபத்தில் ஜெயித்தார் என்று அதைச் சொன்னால் பாதிதான் உண்மை. அவர் உட்கார்ந்து தன்னைப் பிரித்து மாட்டினார். மனப்பயிற்சியாளர் ஒருவரோடு வேலை செய்தார், தியானம் பழகினார். கால் தசையின் எடை குறையட்டும் என்று சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினார். ஹெல்மெட்டின் வண்ணப்பூச்சைக்கூடக் குறைத்தார். 2016-இல் ஜப்பான் தகுதிச் சுற்றில் ஹாமில்டனை அவர் முந்தியது ஒரு வினாடியில் ஆயிரத்தில் 13 பங்கு. ஹாமில்டனுக்கு இந்த வழி ஒத்துவராது. அவருக்கு வருத்தமும் கோபமும் முகத்தில் தெரியும், ரேடியோவில் கேட்கும். அடுத்த வாரம் அதெல்லாம் வேகமாக மாறும்.

இரண்டாவது நாள், 2016 அக்டோபர் 2. ரோஸ்பெர்க் எட்டுப் புள்ளி முன்னிலையில் செப்பாங்குக்கு வந்தார். முதல் வளைவிலேயே வெட்டலின் கார் மோதி, அவருடைய கார் சுழன்று திரும்பி நின்றது. மொத்தக் கூட்டமும் கடந்து போனது. ஹாமில்டன் முன்னால் தனியாகப் பறந்துகொண்டிருந்தார். 41-ஆவது சுற்றில் அவருடைய எஞ்சின் புகைந்து தீப்பிடித்தது. ‘இல்லை, இல்லை’ என்ற அலறலை ரேடியோவில் கேட்டவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. எட்டு கார்கள் மெர்சிடிஸ் எஞ்சினில் ஓடுகின்றன, என்னுடையது மட்டும் ஏன் போகிறது என்று பிறகு கேட்டார். நியாயமான வேதனை.

அன்றிலிருந்து இன்றுவரை நம் ஊர் மாமாக் கடைகளில் ஒரே தீர்ப்பு: ரோஸ்பெர்க்குக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது அந்த எஞ்சின். இதை நான் ஏற்கமாட்டேன். கடைசியிலிருந்து ஏறி வந்த ரோஸ்பெர்க், ரைக்கோனனை முந்தும்போது உரசியதற்காக 10 வினாடி தண்டனை வாங்கினார். மீதமிருந்த சுற்றுகளில் அந்தப் பத்து வினாடிக்கு மேல் இடைவெளி உண்டாக்கினால்தான் மூன்றாமிடம் நிலைக்கும். தண்டனையைச் சேர்த்த பிறகும் மூன்று வினாடி மிச்சம் வைத்து முடித்தார். 15 புள்ளி. அன்று அவர் ஐந்தாவதாக வந்திருந்தால் 10 புள்ளிதான். ஆண்டு முடிவில் கணக்கு 385-க்கு 380. அந்த ஐந்து குறைந்தால் இருவரும் சமம். சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம். ஹாமில்டன் பத்து ஜெயித்திருந்தார், ரோஸ்பெர்க் ஒன்பது.

ஜப்பானிலும் ஜெயித்து 33 புள்ளி முன்னிலை. மீதி நான்கு பந்தயம். நான்கையும் ஹாமில்டனே ஜெயித்தார். நான்கிலும் ரோஸ்பெர்க் இரண்டாவது. ஒவ்வொன்றிலும் ஏழு புள்ளி கரைந்தது: 26, 19, 12, 5. அபுதாபியில் ஹாமில்டன் வேண்டுமென்றே மெதுவாகப் போய், பின்னால் வந்த வெட்டலையும் வெர்ஸ்டாப்பனையும் ரோஸ்பெர்க் மேல் தள்ளினார். வேகமாகப் போகச் சொன்ன அணியின் பேச்சையும் கேட்கவில்லை. செப்பாங்கில் வெட்டல் மீறியதைக் கண்டித்தவர்கள் சிலர் இதைப் புத்திசாலித்தனம் என்றார்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே மரத்துக் காய்கள். பட்டம் கைநழுவும்போது கடைசி அங்குலம் வரை போராடுவது ஹாமில்டனின் இயல்பு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 2-ஆம் தேதி, வியன்னாவில் பரிசு வாங்கும் அன்றே ரோஸ்பெர்க் ஓய்வை அறிவித்தார். வயது 31. அப்படியொரு வருடத்தை இன்னொரு முறை வாழ அவருக்கு மனமில்லை. பயந்து ஓடினார் என்று எழுதியவர்கள் உண்டு. ஹாமில்டன் அடுத்த நான்கு ஆண்டும் பட்டம் வென்று மொத்தம் ஏழைத் தொட்டார். ஆனாலும் ஒரே காரில், ஒரே கராஜில் இருந்துகொண்டு அவரிடமிருந்து ஒரு பட்டத்தைப் பறித்தவர் மொத்தமே ஒருவர்தான்: முன்பு அவருக்குப் பங்காளிகளாக இருந்தவர்களில் 2009-இன் வாகையர் பட்டன்கூட அதைச் செய்யவில்லை, அலோன்சோவும் செய்யவில்லை. மெர்சிடிஸில் ஹாமில்டனை வென்று உலக வாகையர் ஆன பங்காளி ரோஸ்பெர்க் மட்டும்தான்.

அடுத்த வாரம் புக்கிட் மெர்தாஜாம் போகிறோம். லீ சோங் வெய், லின் டான்.

(தொடரும்)