வீட்டு நாய்க்குச் சமநிலை உணவு

மைசூரில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் நாய்க்கு இடும் உணவு பெரும்பாலும் இரண்டு வகையே. ஒன்று, தயிர் சாதம். மற்றொன்று, வீட்டார் உண்டு மீந்த சாம்பார் சாதம். புலால் உண்ணும் இல்லங்களில் இவற்றோடு கோழியிறைச்சித் துண்டுகளும், சில நாட்களில் எலும்பும் சேரும். அன்போடு இடும் உணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பு ஒன்றே ஓர் உயிரின் எலும்பையும் தசையையும் வளர்த்துவிடாது. கடையில் விற்கும் உலர்தீனியை விரும்பாமல், வீட்டிலேயே சமைத்து இட விழையும் அன்பர்கள் இக்காலத்தில் பலர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஆதலால் அதற்கு இறைச்சி மட்டுமே உரிய உணவு என்று சிலர் வற்புறுத்துவர். இக்கருத்து முழுவதும் சரியன்று. 2013ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு நோக்கினர். மாவுப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதிக்குரிய மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளாகவே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள்வரை இருப்பதை அவர்கள் கண்டனர். மனிதனின் வாயிற்படியில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து, அவன் உண்ட தானியத்தையே உண்டு பழகியதன் விளைவு இது. ஆகவே வேகவைத்த சோறும் கேழ்வரகுக் களியும் நாய்க்கு ஆகாதவை அல்ல. நம் தென்பாண்டி நாட்டுச் சிப்பிப்பாறை நாய்கள் கூழுண்டு வளர்ந்தவையே.

ஆயினும் தானியம் செரிக்கிறது என்பது வேறு. தானியமே போதும் என்பது வேறு. கணக்கிட்டுப் பார்ப்போம். பதினைந்து கிலோ எடையுள்ள, நன்கு வளர்ந்த, வீட்டோடு இருக்கும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கலோரி வேண்டும். 450 கிராம் சோற்றிலும் 200 கிராம் தயிரிலும் இந்த 700 கலோரி கிடைத்துவிடும். நாயின் வயிறும் நிறைந்துவிடும். ஆனால் புரதம் எவ்வளவு? 17 அல்லது 18 கிராம்தான். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வகுத்துள்ள அளவின்படி, அந்நாய்க்கு 30 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். சுண்ணாம்புச் சத்தோ தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் கிட்டுகிறது. தயிர் சாதத்தில் வளரும் நாய் பசியால் வாடுவதில்லை, கொழுத்தும் காணப்படும். குறை உள்ளே இருக்கிறது.

இத்தகைய குறை நமக்குப் புதியதன்று. நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், 1920களில் மெக்காரிசன் என்னும் அறிஞர் எலிகளைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தினார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவை நலிந்தன. அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்திற்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நம் சோற்றைப் பற்றி எலிகள் சொன்ன சாட்சியத்தை, நம் வீட்டு நாய்களும் தம் வாய்பேசா முறையில் சொல்லிக்கொண்டிருக்கின்றன எனலாம்.

சரி, இறைச்சி சேர்த்தால் குறை தீர்ந்துவிடுமா? புரதக் குறை தீரும். ஆனால் அதைவிடப் பெரிய தீங்கு ஒன்று அங்கேதான் தொடங்குகிறது. எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்போ அதில் பத்தில் ஒரு பங்களவே இருக்கும். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் சுண்ணாம்புதான் உண்டு. ஆக, சோறும் கறியும் கலந்து இடும்பொழுது நாயின் உடலில் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போகிறது. சுண்ணாம்பு வருவதே இல்லை. இரத்தத்தில் சுண்ணாம்பு ஒரு குறித்த அளவில் இருந்தாலன்றி இதயமும் தசைகளும் இயங்கமாட்டா. எனவே கழுத்திலுள்ள சிறிய சுரப்பிகள் ஒரு சுரப்பு நீரை அனுப்பி, எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்திற்குக் கொண்டுவருகின்றன. வரவில்லாத வீட்டில் முதலை எடுத்துச் செலவிடுவது போன்றது இது. வளர்ந்த நாய் சில காலம் தாங்கும். குட்டியோ தாங்காது. கால்கள் வளைகின்றன, மாடிப்படியில் குதித்தாலே எலும்பு முறிகிறது. நாளும் நல்ல கோழிக்கறி வாங்கி இட்டு வளர்த்த குட்டிக்கு இக்கதி நேர்வதைக் காணும் குடும்பத்தாரின் துயரம் சொல்லுந்தரமன்று. அவர்கள் செலவில் குறை வைத்தவர்களல்லர். ஒரு முட்டையோடு அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடும்; அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

முட்டையோடு என்று வேடிக்கையாகச் சொல்லவில்லை. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. ஓட்டைக் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு, வாணலியில் ஈரம் போக வறுத்து, மாவாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிராம் பொடியில், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த அளவில், 700 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு உண்டு. சமைத்த எலும்பை இடுவது இதற்கு மாற்றாகாது. வெந்த எலும்பு, அதிலும் கோழியெலும்பு, ஊசிபோல் பிளந்து தொண்டையிலும் குடலிலும் தைத்துவிடும்.

இறைச்சிக் கடையில் எலும்பில்லாத கறி கேட்கும்பொழுது மைசூர்த் தமிழர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். கன்னடத்தில் 'மூளெ' என்றால் எலும்பு. புதிதாக வந்தவர்கள் கடைக்காரர் எதையோ பற்றிப் பேசுகிறார் என்று திகைப்பதுண்டு. அவர் பேசுவது மூளையைப் பற்றியன்று.

இந்நாட்டின் பெருந்தானியமான ராகி, அதாவது நம் கேழ்வரகு, நமக்கு இங்கே பெருந்துணை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு இருக்கிறது. வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. எனினும் கேழ்வரகில் உள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு, உடலில் முழுவதும் சேராமல் தடுக்கிறது. ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் இத்தடை குறையும். ராகி கொடுக்கிறோம், ஆகவே வேறு சுண்ணாம்பு வேண்டா என்று இருந்துவிடலாகாது.

இனி, முன்சொன்ன பதினைந்து கிலோ நாய்க்கு ஒரு நாள் உணவை அமைத்துப் பார்ப்போம். எலும்பு நீக்கிய கோழித்தொடைக் கறி 150 கிராம், கோழி ஈரல் 15 முதல் 20 கிராம், முட்டை ஒன்று, ராகி மாவு 50 கிராம், அரிசி 50 கிராம், பரங்கி அல்லது காரட் அல்லது பீன்ஸ் 80 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒன்றரைத் தேக்கரண்டி, அயோடின் கலந்த உப்பு ஒரு சிட்டிகை, முட்டையோட்டுப் பொடி இரண்டு கிராம். இவை யாவும் சமைக்குமுன் உள்ள எடைகள். கறியையும் ஈரலையும் காயையும் நன்கு வேகவைத்து, அந்நீரிலேயே மாவைக் கிளறிக் களியாக்கலாம். எண்ணெயையும் பொடியையும் ஆறியபின் கலப்பது நன்று. ஈரலைக் கூட்டக்கூடாது. அதிலுள்ள ஏ வைட்டமின் நாட்பட்டால் உடலில் தேங்கித் தீங்கு செய்யும். எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல்: நாயின் தோலுக்கும் மயிருக்கும் இன்றியமையாத லினோலிக் அமிலம் தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் மிகக் குறைவு, நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைய உண்டு. வாரம் இருமுறை, மங்களூர்க் கடற்கரையிலிருந்து வரும் மத்தி மீனை முள் நீக்கிக் கறிக்குப் பதிலாக இட்டால் டி வைட்டமினும் மீன் கொழுப்பின் நன்மையும் கிட்டும். வெயிலில் படுத்தால் நாய்க்கு டி வைட்டமின் உண்டாகும் என்பது பிழை. நம் தோல் செய்யும் அவ்வேலையை நாயின் தோல் போதிய அளவு செய்வதில்லை. அதற்கு மாறாக, சி வைட்டமினை நாயின் ஈரலே உண்டாக்கிக்கொள்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு வேண்டுவதில்லை.

இவ்வுணவு நிறைவானதுதானா? அன்று என்றே சொல்லவேண்டும். மேற்கண்ட பொருள்கள் அனைத்தையும் கூட்டினாலும் துத்தநாகம் தேவையில் பாதியும் தேறாது. ஈ வைட்டமினும் குறையும். 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார், நூல்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் திரட்டிய 200 நாயுணவுச் செய்முறைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றுள் பல. இதனை எழுதும் நாம் மட்டும் விலக்காகிவிட முடியுமா? ஆகவே, இடும் உணவின் பட்டியலைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அதற்குப் பொருந்தும் தாது வைட்டமின் கலவையை எடையளவோடு எழுதி வாங்குவதே முறை. மனிதர் உண்ணும் மாத்திரையைக் கொடுக்கலாகாது. அதில் டி வைட்டமின் நாய்க்கு மிகையாகலாம். சிலவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கும், அது நாய்க்குக் கொடிய நஞ்சு.

இவ்வூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தை நேயர்கள் அறிவர். 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய அந்நிறுவனம், நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து ஏழை மக்களுக்கென ஒரு பல்நோக்கு உணவை ஆக்கிற்று. இரண்டு மாவுகளோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சுண்ணாம்பையும் வைட்டமின்களையும் அளந்து சேர்த்தபின்னரே அதை முழுமையாகக் கருதினர். மனிதக் குழந்தைக்குச் செய்த அதே கணக்கை நாய்க்கும் செய்யச் சொல்கிறோம்.

சைவ உணவினர் இல்லங்களில் வளரும் நாயைப் பற்றிக் கேட்பவர் உண்டு. பூனைக்கு இறைச்சியின்றி வாழ்வில்லை, நாய்க்கு அவ்வாறில்லை. முட்டை, பனீர், தயிர், நன்கு வெந்த பருப்பு ஆகியவற்றால் புரதத்தை நிரப்பலாம். முட்டையும் ஆகாது என்னும் இல்லத்தில் மருத்துவரின் துணை இரட்டிப்பாக வேண்டும். பருப்பு ஒன்றையே நம்பியிருத்தல் நன்றன்று. பருப்பு மிகுந்த சில தீனிகளுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்புண்டோ என அமெரிக்க அரசு 2018 முதல் ஆராய்ந்தது. தொடர்பை நிறுவப் போதிய சான்றில்லை என 2022இல் அறிவித்தது. எனினும் பல பொருள்களைக் கலந்திடுவதில் இழப்பொன்றுமில்லை.

இனி, விலக்கவேண்டியவை. வெங்காயமும் பூண்டும் முதலில் வருவன. கன்னடத்தில் இவற்றை ஈருள்ளி, பெள்ளுள்ளி என்பர். வேலைக்கு வரும் பெண்களிடம் இப்பெயர்களால் சொல்லி வைப்பது நலம். இவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. உண்ணி விழும் என்று பூண்டு கொடுப்போர் இன்னும் இருக்கின்றனர். உண்ணி விழுவதில்லை, நாய்தான் விழுகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே கேசரியும் பாயசமும் வேண்டா. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே அதற்குக் காரணமாகலாம் என 2021இல் அமெரிக்க மருத்துவர் சிலர் எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டில், புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை எழுதி வெளியிட்டனர். நம் புளியில் இவ்வமிலம் மிகுதி. சாம்பார், ரசம், புளியோதரை, இவ்வூர்ப் பிசிபேளே பாத் ஆகிய அனைத்திலும் புளி உண்டு. சிலவற்றில் வெங்காயமும் உண்டு. மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்கு இடும் வழக்கத்தை நாம் இன்றே விடவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? மைசூர்பாகில் நஞ்சில்லை, ஆனால் அதன் நெய் கணையத்தை அழற்றும்.

குட்டிகளைப் பொறுத்தவரை எம் கருத்து வேறு. வளர்ச்சிக் காலத்தில், அதிலும் பெரிய இன நாய்களுக்கு, சுண்ணாம்பு குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. மிகையைக் குடலில் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் இளங்குட்டிக்கு இல்லை. ஓராண்டு நிறையும்வரை குட்டிகளுக்கென முழுமையாக்கப்பட்ட தீனியை வாங்கி இடுவதே மேல். சமைத்துத்தான் இடுவோம் என்பவர்கள் மருத்துவர் எழுதிய அளவினின்று இம்மியும் பிறழக்கூடாது.

பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றினால் வயிறு போகும். முதலில் கால் பங்கு, பின் அரைப்பங்கு என ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றுக. நாள் உணவை இரு வேளையாகப் பகிர்ந்திடுக. சமைத்ததைக் குளிர்பெட்டியில் மூன்று நாட்களுக்கு மேல் வைக்கவேண்டா. இரு வாரங்களுக்கு ஒருமுறை நாயை எடுத்துக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நின்று, தம் எடையைக் கழித்து நாயின் எடையைக் குறித்துவருக. விலாவெலும்பு கண்ணுக்குத் தோன்றாமல் கைக்குத் தட்டுப்பட்டால் அளவு சரி. தடவியும் தட்டுப்படாவிடின் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துப் பொருக்கு விடுமானால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். அப்பொழுது உணவுப் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்க.