சிமிலிபாலுக்கு வந்த வெளியூர்ப் பெண்கள்

2024 டிசம்பரில் ஒரு பெண்புலி மூன்று மாநில வனத்துறையினரைத் தூங்கவிடவில்லை. பெயர் ஜீனத். மகாராஷ்டிரத்தின் தடோபாவில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, ஒடிசாவின் சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ அங்கே தங்காமல் ஜார்கண்டுக்குள் புகுந்து, மேற்கு வங்கத்தின் புருலியா வழியாக பாங்குரா வரை நடந்தது. டிசம்பர் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். மறுபடியும் சிமிலிபாலுக்கே அனுப்பினார்கள். ஜீனத் வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஜமுனா என்ற இன்னொரு தடோபா புலியும் அங்கே வந்திருந்தது.

புலிகள் இருக்கும் காட்டுக்கு எதற்கு வெளியூர்ப் புலி?

சிமிலிபாலின் பெருமையாகச் சொல்லப்படும் கறுப்புப் புலிதான் காரணம். அது முழுக் கறுப்பு அல்ல. வரிகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நடுவே மஞ்சள் வெறும் கீற்றுகளாகத் தெரியும். 'டாக்பெப்' என்ற மரபணுவில் டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்த தோற்றம் இது என்று 2021இல் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு கண்டறிந்தது. சிமிலிபால் புலிகளில் சுமார் 37 சதவீதம் இப்படி இருந்தன. குழு ஆராய்ந்த மற்றக் காட்டுப் புலிகள் எதிலும் இந்த மாற்றம் இல்லை. வண்டலூர் உள்ளிட்ட சில உயிரியல் பூங்காக்களில் மட்டும் இருந்தது.

டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது இப்படி எழுத்து மாறுவது எல்லா உயிர்களிலும் நடப்பதுதான். விந்தும் முட்டையும் உருவாகையில் தாய்வழி, தந்தைவழி மரபணுக்கள் கலைந்து புதிதாகச் சேர்கின்றன. வேற்றுக் காட்டிலிருந்து வரும் விலங்கு அங்குள்ள மரபணு வகைகளைக் கொண்டுவருகிறது. ஓர் இனத்துக்குள் வேறுபாடு பெருகுவது இப்படித்தான். கூட்டம் சிறுத்து, வழித்தடமும் அடைபட்டால் கதை தலைகீழாகும். விரல்விட்டு எண்ணக்கூடிய புலிகளே குட்டி போடும் காட்டில் எந்த மரபணு மிஞ்சும், எது அழியும் என்பது பெரும்பாலும் குருட்டு அதிர்ஷ்டம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் குடும்பத்தில் அரிய நோய்கள் தலைகாட்டுவது போல, மறைந்துகிடந்த பண்புகள் வெளியே வரும். கறுப்பு நிறம் அப்படி ஒரு பண்பு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் மாறிய நகல் வந்தால்தான் தெரியும். மூன்றில் ஒன்றுக்கு மேல் கறுப்பு என்றால், காடு எவ்வளவு காலமாகத் தனித்துக் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நிறத்தால் புலிக்குக் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அதே வழியில் வேறென்ன சேர்கிறது என்பதுதான் கவலை. அமெரிக்காவின் புளோரிடா சிறுத்தைகள் (உண்மையில் இவை பூமா இனம்) 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்திருந்தன. வால் நுனி மடங்கியிருந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இதயத்தில் ஓட்டை, கீழிறங்காத விந்தகம், தரம் கெட்ட விந்து என்று பட்டியல் நீண்டது. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து குட்டி போட்டன. கலப்பில் பிறந்தவற்றில் குறைகள் குறைந்தன, குட்டிகள் பிழைத்தன, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. புதிய நோயோ வறட்சியோ வரும்போதும் வேறுபாடு உள்ள கூட்டத்தில்தான் தாக்குப்பிடிக்கும் சிலவாவது இருக்கும். எல்லாம் ஒரே அச்சு என்றால் விழுவதும் ஒன்றாகவே விழும்.

நாம் வெள்ளைப் புலியில் செய்தது நேர்மாறு. 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஆண்புலியை அதன் மகளோடே சேர்த்துத்தான் வெள்ளைக் குட்டிகளை எடுத்தார்கள். இன்று பூங்காக்களில் கூட்டம் சேர்க்கும் அந்தப் புலிகளில் பல மாறுகண்ணோடு நிற்கின்றன. கறுப்புப் புலியையும் சஃபாரி வைத்துக் காட்டலாம் என்ற பேச்சு ஒடிசாவில் எழுந்தபோது எனக்கு மோகன்தான் நினைவுக்கு வந்தது.

ஜீனத்துக்கும் ஜமுனாவுக்கும் சிமிலிபாலின் கறுப்பு ஆணே துணையாக அமைந்தாலும் சரி, பிறக்கும் குட்டிகள் அத்தனையும் சாதாரண மஞ்சள் புலிகளாகவே இருக்கும். கறுப்பு நகல் ஒன்றை உள்ளே சுமந்திருக்கும், அவ்வளவுதான். கேமராவோடு போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.