நசுங்கிய நரம்புக்கு மின்சாரம் ஏன்?

மணிக்கட்டில் குறுகிய பாதை வழியே போகும் நரம்பு நெடுநாள் நசுங்கினால் விரல்கள் மரத்துப்போகும்; கட்டைவிரலின் அடித்தசை மெலியும். அறுவைசிகிச்சை அழுத்தத்தை மட்டுமே நீக்கும். சிதைந்த நரம்பிழைகள் மீண்டும் வளர வேண்டும். அந்த வளர்ச்சியோ நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.

இந்த வளர்ச்சிக்கு, நரம்பில் மின்சாரம் செலுத்தும் மின்தூண்டல் எப்படி உதவுகிறது? அதனால் நரம்பில் எழும் சமிக்ஞை தண்டுவடத்திலுள்ள நரம்புசெல்லை எட்டி, வளர்ச்சிக்கான மரபணுக்களை முடுக்குகிறது. எலிகளில் சமிக்ஞையை மருந்தால் மறித்தபோது பலன் கிடைக்கவில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டெஸ்ஸா கார்டன் குழுவினர், அறுவைசிகிச்சை முடிந்த நோயாளிகளுக்கு நொடிக்கு 20 துடிப்பு வீதம் 1 மணி நேரம் தூண்டல் கொடுத்தனர். 2010இல் வெளியான முடிவு: ஓராண்டுக்குள் தசையோடு நரம்பு நன்கு இணைந்தது, தூண்டல் பெறாதவர்களிடம் அந்த அளவு முன்னேற்றமில்லை. மின்சாரம் இழைகளின் வேகத்தைக் கூட்டுவதில்லை. தயங்கி நிற்பவற்றைச் சீக்கிரம் புறப்பட வைக்கிறது.