ஸ்லாட் இயந்திரமும் வீடியோ போக்கரும்: வெற்றி வாய்ப்பில் என்ன வேறுபாடு?

புனே: மகாராஷ்டிரத்தில் கேசினோக்களுக்கு அனுமதி இல்லை. அவற்றை ஒழுங்குபடுத்த 1976-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. அதை நீக்க மாநில அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அண்டை மாநிலமான கோவா, 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஸ்லாட் இயந்திரங்களை அனுமதித்துள்ளது. சூதாட்ட இயந்திரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், அவற்றின் கணக்கு ஒன்றல்ல.

ஸ்லாட் இயந்திரத்தில் கண்ணில் படும் சக்கரம் முடிவைத் தீர்மானிப்பதில்லை. தற்செயல் எண்களை உருவாக்கும் மென்பொருளே தீர்மானிக்கிறது. ஒரு சக்கரத்தில் 22 நிலைகள் தெரியலாம். உள்ளே 64 நிலைகள் இருக்கலாம். மூன்று சக்கரங்களிலும் பெரும்பரிசுக் குறி ஒன்று மட்டுமே இருந்தால், 10,648-இல் ஒன்று எனத் தோன்றும் வாய்ப்பு உண்மையில் 2,62,144-இல் ஒன்றாகிவிடும். இதை ஆடுபவரால் வெளியிலிருந்து கண்டறிய இயலாது.

வீடியோ போக்கரில் 52 சீட்டுகள் கொண்ட கட்டே அடிப்படை. சீட்டுகள் நேர்மையாகக் கலைக்கப்படும்வரை, பரிசுப் பட்டியலைப் பார்த்தே வாய்ப்பைக் கணக்கிடலாம். 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸுக்கு 9 மடங்கும் ஃபிளஷுக்கு 6 மடங்கும் தரும் இயந்திரம், முழுப் பந்தயம் கட்டிப் பிழையின்றி ஆடினால் நீண்டகாலச் சராசரியில் 99.54 சதவீதத்தைத் திருப்பித் தரும். அவை 8, 5 மடங்குகளாகக் குறைந்தால் இது 97.3 சதவீதமாகிறது. மணிக்கு ரூ.6,000 பந்தயம் எனில், சராசரி இழப்பு ரூ.28-லிருந்து ரூ.162 ஆக உயரும். 90 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட்டில் அதே இழப்பு ரூ.600.

எனினும் அந்த 99.54 சதவீதம் ஏமாற்றக்கூடியது. அதில் ஏறத்தாழ 2 சதவீதம், சுமார் 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறை மட்டுமே கிட்டும் ராயல் ஃபிளஷ் பரிசிலிருந்து வருவதாகும். ஓர் இரவு ஆடுபவருக்கு அது பெரும்பாலும் கிட்டாது. ஜோடிச் சீட்டுகளுடன் ஓர் ஏஸையும் வைத்துக்கொள்வது போன்ற பரவலான தவறுகளும் இழப்பைக் கூட்டும்.

அமெரிக்காவின் நெவாடாவில் சூதாட்ட இயந்திரங்கள் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. சீட்டு காட்டும் இயந்திரத்தில் உண்மையான சீட்டுக்கட்டின் வாய்ப்பே இருக்க வேண்டும். மறைவாக இயங்கும் சட்டவிரோத இயந்திரங்களுக்கு இத்தகைய சோதனை ஏதும் கிடையாது. அங்கு மேற்கண்ட கணக்கு எதுவும் செல்லாது. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளையோ, திறமை சார்ந்தவை, அதிர்ஷ்டம் சார்ந்தவை என்ற வேறுபாடின்றி 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் தடை செய்கிறது.